திட்டு வாங்குகிறவள்

வகுப்பில் எது உடைந்தாலும் மிஸ் முதலில் கேட்பது "யாரு?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒரே பதில்தான் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து நிற்பாள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நழுவிய புடவைத் தலைப்பை உள்ளே திணித்துக்கொண்டு, "நான்தான் மிஸ்" என்பாள்.

தெர்மாமீட்டர் உடைந்தால் அவள். டெட்டால் பாட்டில் கொட்டினால் அவள். பிரஷர் பார்க்கும் கருவியின் ரப்பர் குழாயை யாரோ பிய்த்து வைத்திருந்தால் அதுவும் அவள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் அவள் பெயரைச் சொல்லியாயிற்று, இன்னும் ஒரு தடவை நான் வேறு சொல்ல வேண்டாம்.

வில்லியனூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் நடந்தது அந்தப் பயிற்சி. ஓராண்டு நர்சிங் உதவியாளர் படிப்பு. பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாத பெண்பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. வயது கூடினவர்களும் சேரலாம் என்று நோட்டீசில் போட்டிருந்ததை நம்பி வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். எனக்கு முப்பது தாண்டியிருந்தது, இரண்டு பிள்ளைகள், வேன் ஓட்டும் கணவர். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. செலியமேட்டிலிருந்து பாகூர் வந்து, அங்கே வண்டி மாறி வருவாள். கணவர் செத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நடவும் களையெடுப்புமாக இருந்தவள், முட்டி தேய்ந்துபோய், நடவுக்கு மெஷினும் வந்துவிட்ட பிறகு இங்கே வந்து சேர்ந்தாள்.

"நாத்து நட்ட கையால ஊசி போடப் போறியாடின்னு எங்க ஆளுங்க சிரிக்கிறாங்க" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். "சிரிச்சா சிரிக்கட்டும். இந்த சர்டிபிகேட்டு மட்டும் வந்துட்டா நெழல்ல வேல. மாசம் பொறந்தா சம்பளம். வேற இன்னா வேணும் எனக்கு?"

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

பொம்மை விஷயத்தைச் சொன்னால் அவளைப் புரிந்துகொள்வது சுலபம். நோயாளியைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் பழகுவதற்காக வகுப்பில் ஆளுயரப் பொம்மை ஒன்று கிடந்தது. ஒருநாள் மிஸ் துணியை விலக்கிப் பார்த்தால் அதன் கை தனியாகக் கிடக்கிறது. பெண்பிள்ளைகள் விளையாடி ஒடித்துவிட்டிருக்கிறார்கள். மிஸ் "யாரு?" என்றார். அக்கா வழக்கம்போல எழுந்தாள்.

மிஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. "நேத்து நீ லீவு போட்டிருந்தியேம்மா. வராத ஆளு எப்படி ஒடைச்ச?" என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "முந்தாநேத்தே லேசா இழுத்துட்டேன் மிஸ். நேத்துதான் வுழுந்திருக்கும்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு அவள் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தார். "இது ஆஸ்பத்திரி வேலம்மா. செஞ்சத செஞ்சேன்னு சொல்லணும். செய்யாதத செய்யலன்னு சொல்லணும். ரெண்டுல எது மாறினாலும் படுத்துக் கெடக்குறவன் உசுருக்கு ஆபத்து. புரியுதா?" என்று கேட்டார்.

"சரி மிஸ்" என்றாள் அக்கா. திட்டு வாங்குகிறபோது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அப்போதும் இருந்தது. மிஸ் சொன்னதையும் ஒரு திட்டாகத்தான் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் குணத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்களே, அதுபோல எல்லாருக்கும் இவள் ஒருத்தி வாய்த்துவிட்டாள். அந்தப் பெண்பிள்ளைகள் போகப்போகப் பழகிக்கொண்டார்கள். எதையாவது போட்டு உடைத்துவிட்டு அக்கா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஒரு தடவை அளவு ஜாடியைக் கீழே போட்டபோது அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "மிஸ், நான்தான் போட்டேன்" என்று நானே எழுந்து நின்றேன். என் பங்குத் திட்டை நானே வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு. அவளுக்கு அன்று முழுக்க என்மேல் வருத்தம்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா செய்யாததுக்கெல்லாம் தலையக் குடுக்குற? உனுக்குக் கோவமே வராதா?"

கேழ்வரகு அடையைப் பிட்டு என் டப்பாவில் வைத்தபடி அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. நடவில் மேலாக ஊன்றின நாற்று மறுநாள் மிதக்கும். நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு யார் நட்ட வரிசை இது என்று கத்துவார். பதில் வரும்வரை விடமாட்டார். பத்துப் பெண்கள் குனிந்தபடி சும்மா இருந்தால் அவர் கோபம் பத்து பேர் மேலும் போகும், நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்பதில் போய் நிற்கும். அதனால் அவர்கள் கும்பலில் ஒருத்தி நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். யார் நட்டது என்று தேடுகிற வழக்கமே கிடையாது. நிலத்துக்காரர் அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேலை நடக்கும். டீ வரும்போது முதல் டம்ளர் திட்டு வாங்கினவளுக்கு. பாவாடை தாவணி கட்டின காலத்திலிருந்து அந்த முதல் டம்ளர் அக்காவுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

"திட்டறவனுக்கு ஒரு ஆளு வேணும்டி. ஆளக் காட்டிட்டா அவன் பூடுவான். நம்ம வேலய நாம பாக்கலாம்" என்றாள். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

நாங்கள் சேர்ந்து வரும் பேருந்திலும் இதே கதைதான். யாரோ ஏற்றிவிட்ட கருவாட்டுக் கூடையைக் காட்டி கண்டக்டர் கத்தினார். லக்கேஜ் டிக்கெட் எடுக்காமல் வண்டி நகராது என்றார். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அக்கா "என்னுதுதான்ப்பா" என்று சொல்லி டிக்கெட் எடுத்தாள். கூடைக்காரி அடுத்த நிறுத்தத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நான் வண்டிக்குள்ளேயே சண்டை போட்டேன். "அவன் கத்திக்கினே இருந்தான். நமக்கு கிளாசுக்கு நேரமாவலியா?" என்றாள் அக்கா.

அவளைப் பிடிக்காமல் இருக்கவும் முடியாது. வார்டு பயிற்சியில் முதன்முதலில் புழு வைத்த புண்ணைப் பார்த்து நான் வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தபோது, என் பங்கு வேலையையும் முடித்துவிட்டு வந்து முதுகைத் தடவிவிட்டவள் அவள்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர்களை அவள் புரட்டினால் அவர்கள் முனகமாட்டார்கள். மருந்துப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தில் தடுமாறுவாள், ஊசி பிடிக்கும்போது கை நடுங்கும். ஆனாலும் தேறிவிடுவாள் என்று மிஸ்ஸே என்னிடம் சொன்னார். தேர்வுக்கு இரண்டு மாதமோ என்னவோ பாக்கி இருந்தது.

கடலூர் சாலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எங்களை வார்டு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு, இப்படி நடக்க எந்த ஆஸ்பத்திரியும் போதும். அன்று நான் கீழே பெண்கள் வார்டில் இருந்தேன். அக்கா மாடியில், ஆண்கள் வார்டில். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பனித்திட்டு என்கிற கடலோர ஊர்க்காரர் ஒருவர் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்திருந்தார். கடலுக்குப் போகிறவர். இறங்கின குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு வலி கூடியிருந்தது. அன்று காலையிலேயே அறுத்துவிடுவதாக ஏற்பாடு. கட்டிலில், வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அட்டை தொங்கியது. சாப்பிட்ட வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால் சாப்பிட்டது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது எங்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம். அவருடைய மனைவி முந்தின நாளிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். "நீயாவது எதுனா துன்னும்மா. நீயும் வுழுந்துட்டா யாரு பாக்குறது?" என்று அக்காதான் காலையில் அவளைக் கேண்டீனுக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அக்கா வேறு கட்டிலைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, வார்டு சிஸ்டர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் சாம்பார் வழிகிற இலையும் காகிதமும் கிடந்தன. மனைவி தண்ணீர் பாட்டிலோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். "யாரு இவருக்கு இட்லி குடுத்தது?" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பாவம், தெரியாமல் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்குத்தான் தேடுகிற வழக்கம் கிடையாதே.

"நான்தான் சிஸ்டர். தெரியாம குடுத்துட்டேன்" என்றாள்.

படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "நா ஒண்ணும் துன்னல சிஸ்டர். சத்தியமா" என்றார். அறுவை சிகிச்சை தள்ளிப்போய்விடுமே என்று நோயாளிகள் எல்லாரும் சொல்கிற பொய்தான் இது என்று சிஸ்டர் நினைத்தார். கொடுத்தவளே கொடுத்தேன் என்று நிற்கும்போது நோயாளியின் பேச்சை யார் கேட்பார்கள்? டாக்டர் வந்தார். அவரும் கத்தினார். எவ்வளவு கொடுத்தாய் என்று அக்காவைக் கேட்டார். "ரெண்டு இட்லி சார்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. மயக்க மருந்து டாக்டர் நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். அவர் கிளம்பிப் போனார். வாந்தி இல்லை, காத்திருக்கலாம் என்று சொல்லி மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள்.

படுத்திருந்தவருக்கு அன்று இரவே வயிறு கல்லாகிவிட்டது. விடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திறந்து பார்த்தபோது சிக்கின குடல் ரத்தம் ஓடாமல் கருத்துப் போயிருந்ததாம். சில நாட்கள் இழுத்துக்கொண்டு கிடந்து செத்துப்போனார்.

விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வசதியாக ஒரு ஆள் இருந்தாள், அவளே ஒப்புக்கொண்டும் இருந்தாள். மிஸ்ஸும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். "உண்மையிலேயே நீதான் குடுத்தியா? என் முகத்தப் பாத்து சொல்லு." அக்கா அப்போதும் ஆமாம் என்றாள். பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினாள். எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கிய பெண்பிள்ளைகளில் ஒருத்திகூட எழுந்து போய்ப் பேசவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். பாத்திரக் கடை வாசலில் நிறுத்தி, "நீ குடுத்திருக்கமாட்ட. எனக்குத் தெரியும்" என்றேன்.

"குடுக்கல" என்றாள். "அந்தப் பொண்ணுதான் குடுத்துடுச்சி, தெரியாம."

"அத்த மிஸ்கிட்ட சொன்னா இன்னா?"

"புருசனப் பறிகுடுத்துட்டு உக்காந்துங்கெடக்குது. அதுகிட்ட போயி நீதான் காரணம்னு சொல்லச் சொல்றியா? எனுக்கு நடவு இருக்குது, கரும்பு இருக்குது. எப்படியோ பொழச்சிக்குவேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நல்லவர்களோடு பழகுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கருமாதி முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செலியமேட்டுக்கே போய், பனித்திட்டுக்கு வா என்று அவளை இழுத்தேன். வரமாட்டேன் என்றாள். அந்தப் பெண் நமக்காக மிஸ்ஸிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ தேர்வு எழுதலாம் என்றேன். அவள் மகளும் போயேம்மா என்று கெஞ்சினாள். அதற்காகத்தான் கிளம்பினாள். கிருமாம்பாக்கத்தில் இறங்கி வெயிலில் நடந்தோம். வழியில், "அந்தப் பொண்ணு என்னய நாலு வார்த்த திட்டட்டும், நீ நடுவுல பேசாத" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தாள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அக்காவை அடையாளம் தெரிந்தது. "வாக்கா" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

நான்தான் பேசினேன். சண்டைக்கு வரவில்லை என்று முதலில் சொல்லிக்கொண்டேன். "அன்னிக்கு இட்லி நீதான் குடுத்தன்னு எங்க மிஸ்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லும்மா. தெரியாம நடந்தது, உன்ன யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இவங்க படிப்ப முடிச்சிடுவாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். "நா குடுத்தனா? நீதான குடுத்த. சிஸ்டர்கிட்ட நீயே சொன்னியே."

"நா குடுக்கலம்மா" என்றாள் அக்கா. "நீ குடுத்துட்டன்னு நெனச்சிக்கினேன். உன்ன திட்டுவாங்களேன்னு..."

"அந்த இட்லிய நா துன்னேன்க்கா. நீதான என்னத் துன்னச் சொன்ன. அவர வுட்டுட்டு கேண்டீன்ல உக்கார மனசு வரல, வாங்கியாந்து அவரு பக்கத்துல உக்காந்து துன்னேன். துன்னுட்டு தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா அந்தம்மா கத்துது, நீ நான்தான்னு சொல்ற. நா தண்ணிக்குப் போன நேரத்துல நீ ஏதோ குடுத்துட்ட போலன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப யாருமே குடுக்கல."

சாட்சி சொல்லக் கூப்பிட வந்தவள் நான். வந்து எதைத் தோண்டி எடுத்தேன் என்று புரிந்தபோது ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அவரு சத்தியம் பண்ணாருக்கா. அந்த ராத்திரி வலியில என் கையப் புடிச்சிக்கினு, நா துன்னலடி, நீயாவது நம்புடின்னாரு. ஆஸ்பத்திரிக்காரியே குடுத்தேன்னு சொல்றாளே, இவரு பொய்தான் சொல்றாருன்னு நெனச்சேன். ஒரு வேள வாயக் கட்ட முடியலியா உனுக்கு, இந்தக் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தப் பாக்கறியான்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூஞ்சத் திருப்பிக்கினாரு. அதுக்கப்புறம் அவருக்கு நெனவு வரவேயில்ல."

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பெண் கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று காத்திருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்தியிருந்தால் அக்காவுக்கு எப்படி நிற்பது என்று தெரிந்திருக்கும். அந்தப் பெண் எழுந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆம்பளைக் கைலி ஒன்றை உருவி, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "வெயில் ஏறுது. வண்டி இருக்கும்போதே கெளம்புங்கக்கா" என்றாள்.